பெர்கின்ஸும் க்ராஃபோர்டும் கட்சி மாறிட்டாங்களா? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவ வந்த கடுதாசில முக்கால்வாசி ஒரே விஷயத்தப் பத்திதான். 2025 ஜூன் மாசம் டாரிங்டன் பிரஸ்ங்கிற அமெரிக்க கம்பெனி ரெண்டு பேர வேலைக்கு எடுத்திருக்கோம்னு அறிவிச்சாங்க. கிறிஸ் பெர்கின்ஸ் கிரியேட்டிவ் டைரக்டர், ஜெரமி க்ராஃபோர்ட் கேம் டைரக்டர். ரெண்டு பேரும் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்ங்கிற கம்பெனில, அவங்க போடற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தோட முகமாவே இருந்தவங்க. டி அண்ட் டின்னு சுருக்கமா சொல்லுவாங்க, ஆளுக்கொரு கேரக்டரா மாறி டைஸ் உருட்டி கதையா ஆடற டேபிள் ஆட்டம். டாரிங்டன் பிரஸ் யாருன்னா, கிரிட்டிகல் ரோல்னு வாரா வாரம் டி அண்ட் டி ஆடி காட்டுற வாய்ஸ் ஆக்டர் குழு இருக்கே, அவங்க 2020ல ஆரம்பிச்ச பதிப்பகம். சமைச்சு கொடுத்தவங்களும் சாப்பிட்டு ஊருக்கே ருசி சொன்னவங்களும் ஒரே வீட்டுக்கு வந்துட்டாங்க, அதான் இவ்ளோ பேச்சு. அதனால இந்த மாசம் மத்த கேள்வியெல்லாம் தள்ளி வச்சுட்டேன், அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் கண்டிப்பா எடுக்கறேன்.

கேள்வி: அண்ணா, நான் இப்பதான் ஹாஸ்டல்ல டி அண்ட் டி ஆட ஆரம்பிச்சிருக்கேன். எங்க டிஎம் (ஆட்டத்த நடத்தறவர்) இந்த நியூஸ் வந்த அன்னிக்கு செஷன நிறுத்திட்டு அரை மணி நேரம் இதப் பத்தியே பேசினாரு. ரெண்டு பேர் கம்பெனி மாறினதுக்கு இவ்ளோ ரியாக்‌ஷன் தேவையா? – கல்லூரி மாணவர், சேலம்

தம்பி, நீ ஆடின முதல் கதை எதுன்னு நினைச்சுப் பாரு. வண்டில சாமான் ஏத்திக்கிட்டு ஒரு ஊருக்குப் போறீங்க, வழில ரெண்டு குதிரை செத்துக் கிடக்குது, உடம்புல கருப்பு இறகு வச்ச அம்பு குத்தி நிக்குது, கிட்டப் போய் பாத்தா புதர்லேருந்து காப்ளின்ங்கிற குட்டிப் பூதம் பாயுது, இதுவா? 2014ல வந்த ஸ்டார்ட்டர் செட்ல இருந்த கதை அது. உலகம் பூரா லட்சக்கணக்கான பேர் முதல் டைஸ உருட்டினது அந்த ரெண்டு குதிரை பக்கத்துல நின்னுதான்னு தைரியமா சொல்லுவேன். அத எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் பெர்கின்ஸ், இன்னொருத்தர் ரிச்சர்ட் பேக்கர். அதுக்கப்புறம் 2016ல வந்த ஸ்ட்ராட் கதை, பனி மூட்டம் சூழ்ந்த ஊருக்குள்ள மாட்டிக்கிட்டு வெளியவே வர முடியாம வாம்பயர் பிரபுகிட்ட சிக்கித் தவிப்போமே, அதுக்கும் தலைமை டிசைனர் அவருதான், 1983ல ஹிக்மன் தம்பதி எழுதின பழைய கதைய எடுத்து பெருசா வளத்தாரு. 1997ல விஸார்ட்ஸ்ல சேந்தவரு, 2025 வரைக்கும் 28 வருஷம். அது போக பாக்ஸ் கேமிங் விழாவுல ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி மேடையில உக்காந்து டிஎம் பண்ணவரு. டிஎம்னா இப்படித்தான் பேசணும், இப்படித்தான் ஒரு செகண்ட் நிறுத்தி ஆளப் பாக்கணும்னு பல பேர் அவரப் பாத்துதான் கத்துக்கிட்டாங்க, நானும்தான்.

க்ராஃபோர்ட் வேற மாதிரி ஆளு. 2007ல சேந்தாரு, 2014ல வந்த அஞ்சாம் எடிஷனோட (ஆட்டத்தோட அஞ்சாவது பதிப்பு) ரூல்ஸ் தலைமை அவருகிட்ட. ராத்திரி பதினோரு மணிக்கு உங்க டேபிள்ல ஒரு ரூல்ல சண்டை வந்தா ட்விட்டர்ல அவரக் கேட்டா பதில் சொல்லுவாரு, பல வருஷம் அப்படி சொல்லிக்கிட்டே இருந்தாரு. கதை பெர்கின்ஸ், சட்டம் க்ராஃபோர்ட். உங்க டிஎம் அரை மணி நேரம் பேசினதுல தப்பே இல்ல, அவர் டேபிள்ல அந்த ரெண்டு பேரும் கண்ணுக்குத் தெரியாம பத்து வருஷமா உக்காந்திருக்காங்க.

கேள்வி: ரிட்டயர் ஆகறேன்னு சொல்லிட்டு ரெண்டே மாசத்துல போட்டிக் கம்பெனில சேர்றது ரசிகர்கள ஏமாத்தறது இல்லையா சார்? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

இல்ல சார். ரிட்டயர்னு சொன்னது பெர்கின்ஸ். 28 வருஷம் ஒரே எடத்துல வேலை பாத்த மனுஷன் அந்த எடத்துலேருந்து ஓய்வு எடுத்தாரு, அவ்ளோதான். உங்களுக்குத் தெரியாததா, பேங்க்ல ரிட்டயர் ஆனவங்க மறுமாசமே தெரிஞ்சவங்க ஆடிட்டர் ஆபீஸ்ல போய் உக்காரறது நம்ம ஊர்ல நடக்காத விஷயமா என்ன? அவர யாரும் துரத்தல, சண்டை போட்டுட்டும் போகல. போற அன்னிக்கு மனசு நெறஞ்சு வாழ்த்தின அதே ஆளுங்க ஜூன்ல துரோகம்னு எழுதினது எனக்கு வருத்தமா இருந்துச்சு.

கேள்வி: அண்ணை, இவை ரெண்டு பேரும் வெளிக்கிட்டவுடன டி அண்ட் டி முடிஞ்சுது எண்டு கன பேர் எழுதினவை. வந்த கருத்துகள வாசிச்சா இவையள் வந்ததுக்குச் சந்தோசப்பட்டவையள விட விஸார்ட்ஸுக்கு நல்லா வேணும் எண்டு சொன்னவையள்தான் கூடப் போல கிடக்கு. ஏன் இவ்வளவு கோவம்? – வாசகர், ஸ்கார்பரோ, கனடா

சரியா பிடிச்சிருக்கீங்க. இந்தக் கோவம் ஜூன் மாசத்துது இல்ல, 2023 ஜனவரிலேருந்து வயித்துல கெடந்து புளிச்ச கோவம்.

2000ல மூணாம் எடிஷன் வந்தப்போ விஸார்ட்ஸ் ஒரு திறந்த லைசன்ஸ் கொடுத்தாங்க, எங்க அடிப்படை ரூல்ஸ எடுத்து நீங்களும் புக் போட்டு வித்துக்கலாம்னு. அத நம்பி சின்னச் சின்ன பதிப்பகம் நூத்துக்கணக்குல முளைச்சுது, வீட்டுல உக்காந்து ரெண்டு பேர் எழுதி படம் போட்டு விக்கிற கம்பெனிலேருந்து பைஸோ மாதிரி பெரிய கம்பெனி வரைக்கும். 2023 ஜனவரி ஆரம்பத்துல புது லைசன்ஸோட வரைவு ஒண்ணு கசிஞ்சுது. பழசு செல்லாது, வருஷத்துக்கு 7,50,000 டாலருக்கு மேல வருமானம் வந்தா மேல உள்ளதுல 25 சதவீதம் வரைக்கும் எங்களுக்கு, நீங்க எழுதினத நாங்களும் எடுத்துக்கலாம்னு இருந்துச்சு. ஜனங்க கொதிச்சுட்டாங்க. கம்பெனியோட டிஜிட்டல் சந்தாவ கூட்டம் கூட்டமா கேன்சல் பண்ணாங்க, பைஸோ தனியா ஒரு லைசன்ஸ் கொண்டு வரோம்னு அறிவிச்சாங்க, கடைசில ஜனவரி 27 அன்னிக்கு விஸார்ட்ஸ் மொத்தமா இறங்கி வந்து அடிப்படை ரூல்ஸ கிரியேட்டிவ் காமன்ஸ்லயே, அதாவது யார் வேணா எடுத்துப் பயன்படுத்தலாம்ங்கற பொது லைசன்ஸ்லயே, போட்டுட்டாங்க. சண்டைல ரசிகர்கள்தான் ஜெயிச்சாங்க, ஆனா நம்பிக்கை போனது போனதுதான். அதே வருஷம் டிசம்பர்ல, கிறிஸ்மஸுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்போ, தாய் கம்பெனி ஹாஸ்ப்ரோ கிட்டத்தட்ட 1,100 பேர வீட்டுக்கு அனுப்பறதா சொன்னாங்க, அதுல டி அண்ட் டி டீம்ல பல வருஷம் ஒழைச்சவங்களும் இருந்தாங்க.

இதெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு பெர்கின்ஸும் க்ராஃபோர்டும் அந்தப் பக்கம் போனது நம்ம பக்கம் ஜெயிச்ச மாதிரி தெரிஞ்சுது. கோவம் நியாயமானது, அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல, 2023ல நானும் சந்தாவ கேன்சல் பண்ணவன்தான். ஆனா ஒண்ணு, அந்த ரெண்டு பேரோட புது வேலைய நம்ம பழைய பகைக்கு சாட்சியா நிறுத்தறோம். அவங்க என்ன செய்யப் போறாங்கன்னு கேக்கறவங்க கம்மி, அவங்க போனதால யாருக்கு அவமானம்னு பேசறவங்க ஜாஸ்தி.

முடிஞ்சுதான்னு கேட்டதுக்கு பதில், இல்ல. இந்த ஆட்டம் 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் விஸ்கான்சின் மாநிலத்துல ஒரு சின்ன ஏரிக்கரை ஊர்லேருந்து கொண்டு வந்தது. அந்த கைகாக்ஸே 1985ல, அப்ப ஆட்டத்த வெளியிட்டுக்கிட்டிருந்த தன்னோட கம்பெனி பிடிய இழந்து 1986ல வெளிய போனாரு. பெத்த அப்பன் போனப்பவே சாகல. 1997ல அந்தக் கம்பெனி கடன்ல மூழ்கி விஸார்ட்ஸ் கைக்கு மாறிச்சு, 1999ல விஸார்ட்ஸயே ஹாஸ்ப்ரோ வாங்கிட்டாங்க, அப்பவும் சாகல.

கேள்வி: அண்ணா, நான் டேக்கர்ஹார்ட் வாங்கி ஆடறேன், உயிரா புடிச்சிருக்கு. வரிசையே கிடையாது, யாருக்கு எப்ப தோணுதோ அப்ப ஆடலாம், அதான் எனக்கு புடிச்சதே. இப்ப டி அண்ட் டி ஆளுங்க வந்து அதையும் இன்னொரு டி அண்ட் டியா மாத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு. – ஒரு வாசகி, மதுரை

வந்த கடிதத்துலயே எனக்கு ரொம்ப நெருக்கமான கடிதம் உங்களோடதுதாம்மா, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

தெரியாதவங்களுக்காக முதல்ல ஆட்டத்த சொல்லிடறேன். டேக்கர்ஹார்ட் 2025 மே 20 வெளிவந்துச்சு, டாரிங்டன் பிரஸோட பெரிய ஆட்டம். இருபது முகம் டைஸ் ஒண்ணுக்கு பதிலா பன்னிரண்டு முகம் டைஸ் ரெண்டு, ஒண்ணு நம்பிக்கை, இன்னொண்ணு பயம். ரெண்டையும் கூட்டி தேவையான எண் வந்தா ஜெயிச்ச, வரலன்னா தோத்த, அது ஒரு கணக்கு. எந்த டைஸ் பெருசுங்கறது இன்னொரு கணக்கு. போன மாசம் எங்க டேபிள்ல நடந்தத சொல்றேன், எங்க குழுவுல ஒரு பொண்ணு திருடி கேரக்டர், மழைல நனைஞ்ச ஓட்டுக் கூரைலேருந்து அடுத்த கூரைக்குத் தாவணும், பதினாலு வரணும். நம்பிக்கை டைஸ்ல அஞ்சு, பயம் டைஸ்ல ஒம்போது. சரியா பதினாலு! தாவிட்டா. ஆனா பயம் பெருசு, அதனால நடத்தறவன் கையில ஒரு பயம் டோக்கன் சேந்துச்சு, ஓடு ஒண்ணு சறுக்கி கீழ விழுந்து ஒடைஞ்சு காவக்காரன் லாந்தர மேல தூக்கினான். ஜெயிச்சும் நெஞ்சு படபடங்குது. அதே பொண்ணு அடுத்த உருட்டுல ரெண்டு டைஸ்லயும் ரெண்டு ரெண்டு போட்டா, மொத்தம் நாலுதான், ஆனா ஜோடி விழுந்தா எண் எவ்ளோ கம்மியா இருந்தாலும் அமோக வெற்றி, டேபிளே எழுந்து நின்னுருச்சு. ஒரே உருட்டுல நல்லதும் கெட்டதும் சேந்து வர்ற இந்த ருசிதான் அந்த ஆட்டத்தோட உயிர்.

அத வடிவமைச்சவரு ஸ்பென்சர் ஸ்டார்க். இந்தப் பேர தயவு செஞ்சு ஞாபகம் வச்சுக்குங்க. பேசாம போன்ல மெசேஜ் அனுப்பிக்கிட்டே காணாம போன பொண்ணத் தேடற ஆட்டம் ஒண்ணு 2020ல வந்துச்சே, அதோட டிசைனரும் அவருதான். 2023ல ஆட்டத்த அறிவிச்சு, 2024 மார்ச்ல வரைவ எல்லாருக்கும் திறந்து விட்டு, ஜனங்க சொன்ன குறையெல்லாம் கேட்டு மாத்தி மாத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழைச்சு கொண்டு வந்தாங்க.

இப்ப உங்க பயத்துக்கு வரேன். பயம் காரணம் இல்லாம வரல. க்ராஃபோர்ட் பழக்கம் ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டு எழுதறது, டேக்கர்ஹார்டோட பழக்கம் கொஞ்சம் எடம் விட்டு வைக்கிறது, கதைக்கு எது சரியோ அத டேபிளே முடிவு பண்ணட்டும்னு. ரெண்டும் வேற வேற மனசு. ஆனா க்ராஃபோர்ட் விஸார்ட்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணாருன்னு பாருங்க, 2005ல ப்ளூ ரோஸ்னு ஒரு ஆட்டத்த மூணு பேரோட சேந்து எழுதினாரு, காதல் நட்பு உறவு இதெல்லாம் வாள் சண்டைக்கு சமமா நிக்கிற ஒரு கற்பனை உலகம் அது. அந்த மனசு எங்கயும் போயிருக்காது, பெரிய கம்பெனில ரூல்ஸ் புக் எழுதறப்போ வெளிய தெரியல, அவ்ளோதான்.

அப்புறம் டேக்கர்ஹார்ட் புக்க திரும்ப ஒரு தடவ பொரட்டிப் பாருங்க, கடைசில ஆறு கேம்பெயின் ஃப்ரேம் இருக்கும். ஒவ்வொண்ணும் ஒரு உலகத்தோட எலும்புக்கூடு மாதிரி, இந்த ஊர்ல இந்தப் பிரச்சன, மீதிய நீங்க கட்டிக்குங்கன்னு விட்டுருப்பாங்க. அனுபவம் உள்ளவனுக்கு அது விருந்து, ஆனா முதல் தடவ நடத்தறவன் கையில கொடுத்தா முழிப்பான். செத்த குதிரை ரெண்டும் கருப்பு அம்பும் மாதிரி, வந்து உக்காந்த உடனே கையப் பிடிச்சு கூட்டிக்கிட்டுப் போற கதை இல்லாததுதான் இந்த புக்ல பெரிய கொறை, அந்தக் கொறைய நிரப்ப இந்த பூமில சரியான ஆளு யாருன்னு கேட்டா நான் பெர்கின்ஸ் பேரத்தான் சொல்லுவேன். அவர் கதை எழுதட்டும், டைஸ் ரெண்டும் அப்படியே இருக்கட்டும், இதுதான் என் ஆசை. வரப்போற புக்ல வரிசை, ஆளுக்கொரு முறைங்கற மாதிரி ஏதாவது உள்ள வந்துச்சுன்னா அப்ப நீங்க எழுதுங்க, நானும் உங்களோட சேந்து சத்தம் போடறேன்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாதவன நம்மால பாக்க முடிஞ்சாலும் அவன் தெரியாதவன்தான்னு தீர்ப்பு சொன்ன மனுஷனா கேம் டைரக்டர்? எங்க டேபிள்ல அன்னிக்கு ஒரு ஃப்ரெண்ட்ஷிப்பே முறிஞ்சிருக்கும். – ஐடி ஊழியர், பெங்களூரு

இந்தப் பஞ்சாயத்து தெரியாத வாசகர்களுக்கு. 2014 ரூல்ஸ்ல கண்ணுக்குத் தெரியாத நிலைமைக்கு ரெண்டு பாயிண்ட். ஒண்ணு, மந்திரமோ விசேஷ பார்வையோ இல்லாம அவனப் பாக்க முடியாது. ரெண்டு, அவன அடிக்கிறவனுக்கு கஷ்டம், அவன் அடிச்சா அவனுக்கு சாதகம். இப்ப ஒருத்தன் மந்திரம் போட்டு மறைஞ்சவனப் பாத்துட்டான்னு வைங்க. முதல் பாயிண்ட் அடிபட்டுப் போச்சு. ரெண்டாவது? எழுதியிருக்கிற எழுத்துப்படி அது தனி பாயிண்ட், பாத்தாலும் பாக்காட்டியும் நிக்குதுன்னு க்ராஃபோர்ட் ஒரு பாட்காஸ்ட்ல வெளக்கம் சொன்னாரு. அப்ப அந்த மந்திரத்துக்கு என்னய்யா அர்த்தம்னு உலகம் பூரா கத்தினாங்க. உங்க டேபிள் மாதிரியே எங்க டேபிள்லயும் நடந்துச்சு, மந்திரவாதி ஆடற பையன் கேரக்டர் ஷீட்ட மடிச்சு பைல வச்சுட்டு, நான் பாக்கறேன் அவன, எனக்கு தெரியுது அவனன்னு ரெண்டு கையையும் விரிச்சு கேட்டான், அவன் மொகம் இன்னும் கண்ணுல நிக்குது.

என் கருத்து, அந்தத் தீர்ப்பு தப்பு. எழுத்து அப்படி இருந்தா எழுத்து தப்புன்னு சொல்லியிருக்கணும். ஆனா 2024ல வந்த புது புக்க திறந்து அதே நிலைமைய படிங்க, உன்ன ஒருத்தன் எப்படியோ பாக்க முடிஞ்சா அவங்கிட்ட உனக்கு இந்த சாதகம் இல்லன்னு நேரடியா ஒரு வரி சேத்திருக்காங்க. யார் தலைமைல? அதே க்ராஃபோர்ட் தலைமைல. ஒரு வரி, பத்து வருஷம் ஆச்சு, ஆனா திருத்தினாங்க. பழைய தீர்ப்ப இன்னைக்கும் எடுத்து வீசறவங்க இந்த வரிய யாருமே எடுத்துக் காட்டல.

இன்னொண்ணும் சொல்லணும். ரூல்ஸ் கேள்விக்கு பதில் சொல்ற பழக்கம் டிராகன் பத்திரிகைல கேள்வி பதில் பகுதியா ரொம்ப காலம் முன்னாடியே ஆரம்பிச்சது, மாசம் ஒரு தடவ, நிதானமா யோசிச்சு எழுதி அச்சுல வரும். க்ராஃபோர்ட் காலத்துல அது ட்விட்டர்ல ஒரு வரி பதிலா மாறிப் போச்சு, காபி குடிச்சுக்கிட்டே சொன்ன வார்த்தைய ஜனங்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பா எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் கம்பெனியே ட்வீட்டெல்லாம் அதிகாரபூர்வம் கிடையாது, தொகுப்புல வர்றதுதான்னு சொல்ல வேண்டியதாச்சு. நானும் மாசா மாசம் கேள்விக்கு பதில் எழுதறவன், உடனே பதில் சொல்லணும்ங்கற அழுத்தம் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்.

கேள்வி: வெளியிலேருந்து பெரிய பேர கொண்டு வந்து மேல உக்கார வைக்கறப்போ உள்ள இருக்கறவங்க நிலைமை என்ன? ரசிகர்கள் யாரும் இத யோசிச்ச மாதிரி தெரியல. – பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

யோசிச்சாங்க டீச்சர், கம்மியான பேர்தான், ஆனா யோசிச்சாங்க. இனிமே டேக்கர்ஹார்ட் உருப்படும்னு நெறைய பேர் எழுதினப்போ, உருப்படாமலா முதல் அச்சு அவ்ளோ சீக்கிரம் வித்துத் தீந்துச்சுன்னு சில பேர் திருப்பிக் கேட்டாங்க. அந்தக் கேள்விய கேட்டவங்கள எனக்கு ரொம்ப புடிச்சுது.

இந்த விஷயத்துல என் மனசுல இருக்கறது இதுதான். ஜூன்ல அறிவிப்பு வந்தப்போ ஆட்டம் வெளிவந்து நாலு வாரம் கூட ஆகல, அதுக்குள்ள பாராட்டெல்லாம் அன்னிக்கு வரைக்கும் அதுக்கு ஒரு வரி கூட எழுதாத ரெண்டு பேர் பக்கம் திரும்பிடுச்சு. பெர்கின்ஸ் மேலயோ க்ராஃபோர்ட் மேலயோ தப்பு இல்ல, அவங்க அப்படி கேக்கல. ஆனா ரசிகர்களா நாம ஒரு புக்க யார் எழுதினதுன்னு படிக்கறதே இல்ல. ரூல்ஸ் புக் எதையாவது எடுத்து முதல் ரெண்டு பக்கத்துக்குள்ள பொடி எழுத்துல இருக்கற பேர் பட்டியலப் பாருங்க, டிசைன் பண்ணவங்க, எடிட் பண்ணவங்க, படம் போட்டவங்க, வரைவ ஆடிப் பாத்து குறை சொன்னவங்கன்னு வரிசையா போகும். க்ராஃபோர்ட் தீர்ப்புன்னு நாம திட்டறதும் பெர்கின்ஸ் கதைன்னு கொண்டாடறதும் அந்தப் பட்டியல்ல பாதி பேர் கை பட்டதுதான். ஒங்க பள்ளிக்கூடத்துலயும் பாத்திருப்பீங்க, நாலு வருஷம் ராப்பகலா ஒழைச்சு ஒரு வகுப்ப தூக்கி நிறுத்தின டீச்சர் இருக்க, ரிசல்ட் வர்ற வருஷம் வந்து சேந்த ஹெட்மாஸ்டருக்கு பொன்னாடை போடுவாங்க.

கேள்வி: இந்த மாதிரி பெரிய ஆள எடுத்தப்போ இதுக்கு முன்னாடி என்ன ஆச்சு? ரசிகர்கள் எதிர்பார்ப்பு பலிச்சுதா? – வாசகர், கோவை

எனக்கு உடனே ஞாபகம் வர்றது மான்டி குக். 2000ல வந்த மூணாம் எடிஷன உருவாக்கின மூணு பேர்ல ஒருத்தர், 2001ல விஸார்ட்ஸ விட்டுப் போனாரு. நாலாம் எடிஷன் 2008ல வந்து ரசிகர்கள் ரெண்டா பிரிஞ்சு நெறைய பேர் பைஸோவோட பாத்ஃபைண்டர்ங்கிற போட்டி ஆட்டத்துப் பக்கம் போயிட்ட சமயம், 2011 செப்டம்பர்ல மான்டி குக் திரும்ப வர்றாருன்னு அறிவிச்சாங்க. அப்பாடா, நம்ம காலத்து ஆட்டம் திரும்ப வருதுன்னு பழைய ஆளுங்க கண்ணு கலங்க எழுதினாங்க. 2012 ஜனவரில புது எடிஷன் தயாராகுதுன்னு சொன்னாங்க, ஏப்ரல்ல அவரு ராஜினாமா! ஒரு வருஷம் கூட முழுசா இல்ல. கம்பெனியோட கருத்து வேறுபாடு, கூட வேலை பாத்த டிசைனர்களோட இல்லன்னு கண்ணியமா சொல்லிட்டுப் போனாரு.

இப்பதான் எல்லாம் போச்சுன்னு ரசிகர்கள் எழுதினாங்க. என்ன ஆச்சு? மைக் மெர்ல்ஸும், அன்னிக்கு பாதி பேருக்கு பேரே தெரியாத க்ராஃபோர்டும் தலைமை தாங்கி 2014ல அஞ்சாம் எடிஷன முடிச்சாங்க, அது வேற எந்த எடிஷனும் தொடாத ஒசரத்தத் தொட்டுச்சு. மான்டி குக் தனியா போய் 2012லயே, ஜனங்ககிட்ட காசு திரட்டற கிக்ஸ்டார்ட்டர் தளத்துல நியூமெனேராங்கிற தன் ஆட்டத்துக்கு அஞ்சு லட்சம் டாலருக்கு மேல திரட்டினாரு. ரசிகர்கள் போட்ட ரெண்டு கணக்குமே தப்பாச்சு, வந்தப்போ போட்டதும் சரி, போனப்போ போட்டதும் சரி.

கேள்வி: இவ்ளோ பண்ணிட்டு கிரிட்டிகல் ரோல் நாலாவது கேம்பெயினுக்கு (புதுசா தொடங்கற நீண்ட தொடர்கதைக்கு) டி அண்ட் டியத்தானே எடுத்தாங்க? அப்ப சொந்த ஆட்டம் மேல அவங்களுக்கே நம்பிக்கை இல்லையா? – வாசகர், சென்னை

அந்த அறிவிப்பு 2025 ஆகஸ்ட்ல வந்தப்போ எனக்கும் மனசு சுருங்கிப் போச்சு, மறைக்கல. சொந்த ஆட்டம் வந்தாச்சு, ரெண்டு ஜாம்பவான்கள எடுத்தாச்சு, இனி கண்டிப்பா டேக்கர்ஹார்ட்தான்னு எல்லாரும் போலத்தான் நானும் நெனச்சேன். டிஎம் நாற்காலில இதுக்கு முன்னாடி இருந்த மேத்யூ மெர்சருக்கு பதிலா பிரென்னன் லீ மல்லிகன், 13 பேர் ஆடறாங்க, ரூல்ஸ் டி அண்ட் டி 2024. அக்டோபர் 2 ஆரம்பிச்சுது.

யோசிச்சுப் பாத்தா, பதிமூணு பேர், புது டிஎம், புது உலகம், வாரா வாரம் மணிக்கணக்கா ஓடற நிகழ்ச்சி, இதுல ரூல்ஸாவது பழகினதா இருக்கட்டும்னு அவங்க நெனச்சிருந்தா அது எனக்குப் புரியுது. அது போக இந்தக் குழுவே வீட்டுல பாத்ஃபைண்டர் ஆடிக்கிட்டு இருந்தவங்க, 2015 மார்ச்ல நிகழ்ச்சி ஆரம்பிச்சப்போதான் பாக்கறவங்களுக்கு சுலபமா இருக்கட்டும்னு அஞ்சாம் எடிஷனுக்கு மாறினாங்க. அவங்களுக்கு ஆட்டம் எதுங்கறது எப்பவுமே ரெண்டாவதுதான். இருந்தாலும், கடை வச்சிருக்கறவன் வீட்டு விசேஷத்துக்கு பக்கத்து கடைல பலகாரம் வாங்கினா ஊரு கேக்கத்தான் செய்யும், அந்தக் கேள்விய ரசிகர்கள் கேட்டது நியாயம்.

கேள்வி: அண்ணா, யார் எந்த கம்பெனிக்கு போனாலும் எங்களுக்கு புக் விலை கட்டுப்படி ஆகல, இங்கிலீஷும் தகராறு. தமிழ்ல ஆட ஏதாவது வழி இருக்கா? – பிளஸ் டூ மாணவர், தேனி

இருக்கு தம்பி, அதுவும் காசு இல்லாம. 2023 சண்டைய மேல சொன்னேன்ல, அதோட பலன் உனக்கு இப்ப கிடைக்குது. அஞ்சாம் எடிஷனோட அடிப்படை ரூல்ஸ் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ்ல இருக்கு, 2024 ரூல்ஸோட தொகுப்பும் 2025 ஏப்ரல்ல அதே மாதிரி வெளிவந்தாச்சு. எங்கேருந்து எடுத்தோம்னு அவங்க சொல்ற வாசகத்த போட்டா போதும், மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விக்கக்கூட செய்யலாம், யாரும் கேக்க முடியாது. டேக்கர்ஹார்டோட ரூல்ஸ் தொகுப்பும் இலவசமா டவுன்லோட் பண்ணலாம், ஆனா அதுக்கு அவங்க தனி லைசன்ஸ் இருக்கு, வெளியிடறதுன்னா அதப் படிச்சுட்டு செய்யி, உன் ஃப்ரெண்ட்ஸோட வீட்டுல ஆடறதுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல.

முழு புக்கையும் மொழிபெயர்க்க உக்காராத, மலைச்சுப் போயிடுவ. நிலைமைகள் பட்டியல்னு ஒண்ணு வரும், கண் தெரியாம போறது, பயந்து போறது, மயங்கிக் கெடக்கறது, கீழ விழுந்து கெடக்கறதுன்னு பதினஞ்சு நிலைமை. அத மட்டும் உங்க ஊர் பேச்சுல ஒரு நோட்டுல எழுதி டேபிள் நடுவுல வச்சுக்க, பாதி ஆட்டம் தமிழ்ல ஆயிடும். மறைஞ்சு போற நிலைமைய எழுதறப்போ 2024 தொகுப்பப் பாத்து எழுது, பாக்க முடிஞ்சவங்கிட்ட சாதகம் இல்லங்கற அந்த வரிய விட்டுடாத. எழுதி முடிச்சா எனக்கு ஒரு காப்பி அனுப்பு, எங்க டேபிள்லயும் வச்சுக்கறோம்.